பின்கியருக்கு இரண்டு புஷ்

கரடி ஏரிக் குடில், பின்மார்க் உள்நாடு
மார்ச் 2, 1994

ஓவ்லாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. முழுவதும் படித்துவிட்டுப் போடு.

உன் மதினி ரிஸ்தின்தான் எழுதுகிறேன். ஐந்து வருடமாகப் பேசாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். வேலை வந்திருக்கிறது. மலைவிடுதியில் டெலிபோன் இருக்கிறது. ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், என் குரலைக் கேட்டால் நீ பட்டென்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. தபால்காரன் செவ்வாயும் வெள்ளியும் இந்தப் பக்கம் வருகிறான்.

உன் அண்ணன் ஜனவரியில் புது பனிவண்டியோடு பாறைச் சரிவில் உருண்டுவிட்டார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஆளுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள், வண்டிக்குப் போட ஆளில்லை. இப்போது என்னிடம் இருப்பது பழைய மஞ்சள் வண்டி ஒன்றுதான். அகலாற்றில் நீ இறக்கினாயே, அதே வண்டி. அந்தக் கோடையில் உன் அண்ணன் அதைக் கழற்றிக் காயவைத்து ஓட வைத்தார். அன்றிலிருந்து விறகு இழுக்கிறது. முன்னால் நன்றாகப் போகும். பின்கியர் போட்டால் பிடிக்காமல் நழுவிவிடும்.

ஏப்ரல் நடுவுக்குள் பனிமான் மந்தையைக் கடலோரத்துக்குக் கிளப்ப வேண்டும். சினை மான்கள் இப்போதே வடக்கே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றன. இந்த வருடம் மந்தைக்கு முன்னால் போகப்போவது நான். பியேரா கிழவர் போன வாரம் காபி குடிக்க வந்தவர் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா ரிஸ்தின், பின்கியர் இல்லாத வண்டிய வச்சுக்கிட்டா ஆத்தத் தாண்டப் போற? பேசாம எங்க மந்தையோட கலந்துக்கோ" என்றார். நல்ல மனசோடு சொன்னார், அதுதான் எரிச்சல். ஒரு தடவை கலந்துவிட்டால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அடுத்த வருடமும் அப்படியே ஆகிவிடும். எங்கள் கூட்டம் என்று தனியாக ஒன்று இருக்காது.

செயின் பெட்டியைத் திறந்தேன். எண்ணெயில் தங்கத் தூள் மாதிரி மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அது புஷ் தேய்ந்து விழுந்த வெண்கலம் என்று தெரியும்வரை. பின்கியரின் துளைக்குள் அச்சைத் தாங்கும் வளையங்கள், அந்த இரண்டு புஷ்ஷும் போய்விட்டன. இந்த வண்டிக்கு இப்போது சாமானே வருவதில்லை என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். நீ படகுப் பட்டறையில் வெண்கலம் கடைகிறாய் என்று கேள்வி. பழைய புஷ் இரண்டையும் உன் அண்ணனின் காலுறையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இப்போது அவருக்கு ஒரு காலுக்குத்தான் காலுறை தேவை.

பழசைக் கிளற இதை எழுதவில்லை. அன்று மான் பிரிக்கும் வேலியில் எல்லார் முன்னாலும் நான் உன்னைச் சொன்னதைத் திரும்ப வாங்கவும் எழுதவில்லை. "இவனுக்கு இரும்பு தெரியும், பனிக்கட்டி தெரியாது" என்றேன். இரும்பு தெரியும் என்றும் சேர்த்துத்தானே சொன்னேன்? அந்தப் பாதியை நம்பி அனுப்புகிறேன்.

ரிஸ்தின்


வடக்குத் துறை, படகுப் பட்டறை
மார்ச் 9

மதினிக்கு,

கடிதமும் காலுறையும் வந்தன. அண்ணன் விழுந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எலும்பு சரியாகக் கூடுகிறதா என்று எழுதுங்கள்.

புஷ்ஷை அளந்தேன். மேல்பக்கம் புதிது போல இருக்கிறது. கீழ்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் போயிருக்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதனால் கியர் சாய்கிறது, பல்லுக்குப் பல் உட்காராமல் நழுவுகிறது. வண்டி முன்னால் ஓடும்போதெல்லாம் பின்கியர் அச்சின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பயன்படுத்தாத நேரத்தில்தான் அதன் புஷ் தேய்கிறது. இவ்வளவு தேய ஒரு பருவம் போதாது. எப்போது தொடங்கியது என்று உங்களுக்கும் தெரியும்.

விடுங்கள். புது புஷ் இரண்டு அனுப்பியிருக்கிறேன். படகின் சுழல்தண்டுக்குப் போடும் வெண்கலத்திலேயே கடைந்தேன். கியருக்குள் நேராக இறக்க வேண்டும், சாய்ந்தால் வாய் கிழிந்துவிடும். வைஸின் இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து மெதுவாக அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். கியரைப் பிடித்து நிறுத்தும் வளைய லாக்குகளும் புதிது வைத்திருக்கிறேன். கழற்றும்போது அவை பறக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். எல்லாம் மாட்டியபின் கியரைக் கையால் சுற்றிப் பாருங்கள். வெண்ணெயாகச் சுற்ற வேண்டும்.

கடைந்துகொண்டிருந்தபோது பட்டறை முதலாளி தோர்லைஃப் எட்டிப் பார்த்தார். "உங்க வீட்ல மொத்தம் எத்தன மான்?" என்றார். "உங்க பொண்டாட்டி வயசச் சொல்லுங்க, நான் மான் கணக்கச் சொல்றேன்" என்றேன். ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன், இன்னும் இவர்களுக்கு அது கேட்கக் கூடாத கேள்வி என்று புரியவில்லை.

ஓவ்லா


கரடி ஏரிக் குடில்
மார்ச் 18

ஓவ்லாவுக்கு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு மனசு வராது.

உன் புஷ்ஷைப் பொட்டலத்திலிருந்து எடுத்ததும் உன் அண்ணன் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. உள்பக்கத்தில் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். "என் தம்பி கை" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். நானும் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை. என் முகம் அதில் தெரிந்தது, அதுவும் கொஞ்சம் இளமையாக. இந்த வேலைக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

வைஸ் என்று எழுதியிருந்தாய். இங்கே ஏது வைஸ்? நீ விட்டுப்போன பழைய வைஸ் துருப்பிடித்ததும் எறிந்துவிட்டோம். அதனால் நான் வேறு வழி பார்த்தேன். புஷ் இரண்டையும் வெளியே பனியில் வைத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரிக் குளிர். கியரை அடுப்பின் மேல், காபிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கெட்டில் காபி ஆனதும் கியரை எடுத்து மேசையில் வைத்து, புஷ்ஷை இடுக்கியால் பிடித்து வந்து இறக்கினேன். தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு தட்டு, ஒரு அழுத்து, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அசைத்துப் பார்த்தால் பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல இறுகிவிட்டது. உன் அண்ணன் கட்டுப் போட்ட காலோடு கை தட்டினார்.

லாக்கும் நீ சொன்னபடி பறந்தது. மான்தோல் படுக்கையில் ஒரு மணி நேரம் தேடினேன். புதிது அனுப்பியிருக்கிறாய் என்பது தேடி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கையால் சுற்றினேன். வெண்ணெயேதான். குடிசைக்குள்ளேயே நின்று உன்னைப் பாராட்டினேன், நீ கேட்டிருக்க வேண்டும்.

இனிமேல்தான் கதை. மறுநாள் காலை முப்பத்தாறு டிகிரியில் வண்டியை எடுத்தேன். கிளப்பியதிலிருந்தே ஏதோ பின்னால் பிடித்து இழுக்கிறது. பின்கியர் கம்பியை இழுத்தால் நகரவே இல்லை. செயின் பெட்டியில் கருகல் நாற்றம். நிறுத்தி, திறந்து பார்த்தால் அந்தக் கியர் அச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வெண்ணெயெல்லாம் எங்கே போனதோ. உள்ளே கொண்டுவந்து அடுப்பருகே வைத்தேன். அரை மணியில் மறுபடி சுகமாகச் சுற்றுகிறது.

புரிகிறதா ஓவ்லா? நீ பதினைந்து டிகிரிச் சூட்டில், மீன் நாற்றத்தில் உட்கார்ந்து கடைந்திருக்கிறாய். வெண்கலம் குளிரில் எவ்வளவு சுருங்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் குடிலில் பிறந்து வளர்ந்தவர்களில் இந்தத் தப்பைச் செய்ய உன் ஒருவனால்தான் முடியும். குளிரை மறக்க முடியுமா ஒரு மனுஷனால்? "கடலோரத்தான் செஞ்சது கடலுக்குத்தான் பொருந்தும்" என்று உன் அண்ணன் சொல்கிறார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சிரிக்கவில்லை. நான்கு வாரம்தான் இருக்கிறது.

ரிஸ்தின்


வடக்குத் துறை
மார்ச் 25

மதினிக்கு,

நீங்கள் திட்டியது போதாது.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறை வாசலில் போய் நின்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. மார்ச்சில் மழை, அதையும் ஐந்து வருடமாகச் சாதாரணமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே படகுக்கு விடும் இடைவெளியை விட்டேன். உங்கள் குளிருக்கு இன்னும் ஒரு முடி அகலம் விட்டிருக்க வேண்டும். அச்சு எஃகு, புஷ் வெண்கலம், குளிரில் வெண்கலம் கூடுதலாகச் சுருங்கும். எண்ணெயும் கெட்டியாகும். இது எனக்குத் தெரியாததில்லை. மறந்துவிட்டேன். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருக்காது.

கியரையும் அச்சையும் உடனே அனுப்புங்கள். நானே துளையைப் பெரிதாக்கித் திருப்பி அனுப்புகிறேன். தபாலில் போய்வர இரண்டு வாரம் ஆகிவிடும் என்றால் நானே

(இரண்டு வரியை அடித்திருக்கிறேன். படிக்க வேண்டாம்.)

பனியில் வைத்துப் புஷ் இறக்கினீர்களே, அதைத் தோர்லைஃபிடம் சொன்னேன். எங்களிடம் அதற்கென்று ஆளுயரத்துக்கு ஓர் அழுத்தும் இயந்திரம் நிற்கிறது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓவ்லா


கரடி ஏரிக் குடில்
மார்ச் 25

ஓவ்லாவுக்கு,

நீ என்ன பதில் எழுதியிருக்கிறாய் என்று தெரியாது. கியரை அனுப்பு, சரிசெய்து தருகிறேன் என்றுதான் எழுதியிருப்பாய். அனுப்ப நேரமில்லை. அதனால் நானே செய்துவிட்டேன்.

எப்படி என்று கேள். விளக்குக் கண்ணாடியிலிருந்து கரியை வழித்து, கொழுப்பில் குழைத்து அச்சில் பூசினேன். கியரை அதில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், புஷ்ஷில் எங்கெல்லாம் பிடிக்கிறதோ அங்கெல்லாம் கரி ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவது. துடைத்துவிட்டு மறுபடி பூசுவது. இதையெல்லாம் குடிசைக்கு வெளியே, பனியில் மரப்பெட்டியின் மேல் வைத்துத்தான் செய்தேன். ஓடப்போவது குளிரில் என்றால் பொருத்திப் பார்ப்பதும் குளிரில்தானே? மூன்று நிமிடம் வெறுங்கையால் வேலை, பத்து நிமிடம் அடுப்படியில் விரலைச் சூடாக்குவது. இரண்டு நாள், பகல் வெளிச்சம் இருந்த நேரமெல்லாம் இதேதான். உன் அண்ணன் சன்னலுக்குள்ளிருந்து எண்ணினாராம், பத்தொன்பது தடவை.

எதை வைத்துச் சுரண்டினேன் தெரியுமா? கன்றுகளுக்குக் காதுக் குறி வெட்டும் கத்தி. வீட்டில் அதைவிடக் கூரானது எதுவும் இல்லை. காதோரத்தில் ஒரு நூல் கூடிவிட்டால் அடுத்தவர் குறியாகிவிடுமே, அதே கைப்பழக்கம் இங்கே உதவியது. முடியளவு எடுக்க வேண்டுமென்றால் முடியளவுதான் எடுக்கும். உன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கத்தியால வெண்கலத்தச் சொறியிற பொம்பளைய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கத்தி மழுங்கிவிட்டது. மானுக்குத் தாடை சொறியத்தான் இனி ஆகும்.

பத்தொன்பதாவது தடவை கரி எல்லா இடத்திலும் ஒரே மெல்லிசாக ஒட்டியது. எண்ணெய் தங்க நடுவில் ஒரு சின்ன வாய்க்காலும் கீறிவிட்டேன். மாட்டினேன். இன்று காலை முப்பத்துநாலு டிகிரியில் பின்கியர் போட்டேன். டக்கென்று ஒரே சத்தம், வண்டி பின்னால் போய் விறகுக் குவியலில் இடித்து நின்றது. நிறுத்த மறந்துவிட்டேன், அவ்வளவு ஆச்சரியம்.

உன் வேலை நல்ல வேலை. கரி பூசிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நேராக, எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு முடி குறைந்ததைத் தவிர அதில் நான் தொட வேண்டிய இடமே இல்லை. சொல்லிவிட்டேன், இதை வைத்துத் தலைக்கனம் பிடித்து அலையாதே.

ரிஸ்தின்


வடக்குத் துறை
ஏப்ரல் 2

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். மன்னிக்கவும், படிக்காமல் இருக்க முடியவில்லை. ஆறு பேர் மீனையும் உருளைக்கிழங்கையும் முள்கரண்டியில் குத்தியபடியே கேட்டார்கள். பத்தொன்பது தடவை என்ற இடத்தில் யாரும் மெல்லவில்லை. கடைசியில் தோர்லைஃப், "அந்தம்மாவக் கேளு, இங்க வேலைக்கு வர்றாங்களான்னு" என்றார். "வர மாட்டாங்க, மீன் நாத்தம் ஆகாது" என்றேன்.

நான் பதினேழு வயதிலிருந்து இரும்பு வேலை செய்கிறேன். கரி பூசிச் சுரண்டுவது பெரிய கப்பல்களின் தாங்கிக்குக் கைதேர்ந்தவர்கள் செய்யும் வேலை. இங்கே அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர்கூட அதை வெறுங்கையோடு, முப்பத்துநாலு டிகிரிக் குளிரில், கன்றுக் கத்தியால் செய்ததில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் நீங்கள்தான் கெட்டிக்காரர். இதை அன்றும் நினைத்திருக்கிறேன், நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதுகூட.

பழைய அரத்தைத் தீட்டி, வெண்கலம் சுரண்ட ஒரு சுரண்டி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். இனி கத்தியைக் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் செய்தேன். புதிதாக இரண்டு புஷ் கடைந்து, அச்சோடு சேர்த்துப் பக்கத்து மீன் ஆலையின் உறைபனி அறையில் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக மீன் அடுக்கியிருக்கும் இடத்தில் என் புஷ்ஷும் கிடந்தது. எடுத்துச் சுற்றினேன், சுற்றியது. அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அகலாற்றில் இறங்கும் முன் கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு தடவை பின்கியர் போட்டுப் பாருங்கள். ஒரே தடவை. இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஓவ்லா


வசந்தக் கூடாரம், கடற்கழிமுகத்தின் மேற்குக் கரை
ஏப்ரல் 24

ஓவ்லாவுக்கு,

மந்தை வந்து சேர்ந்துவிட்டது. நான்தான் முன்னால் வந்தேன். பியேராவின் கூட்டம் எனக்கு ஒன்றரை நாள் பின்னால் வந்தது. அவர் வந்ததும் கூடாரத்துக்குள் தலையை விட்டு, "காபி இருக்கா, தலைவி?" என்றார். வாழ்க்கையில் இதைவிட நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஆனால் உனக்கு எழுத வேண்டியது அகலாற்றைப் பற்றி.

பதினாலாம் தேதி காலை, பனி இன்னும் இறுகியிருந்த நேரத்தில் கரைக்கு வந்தேன். நீ கேட்டபடி நிறுத்தினேன். பின்கியர் போட்டேன், பிடித்தது. மந்தையைக் கரையிலேயே நாய்களிடம் விட்டுவிட்டு, பாதை பார்க்க நான் மட்டும் வண்டியோடும் பின்னால் சறுக்குப்பெட்டியோடும் இறங்கினேன். பனிக்கட்டி வெள்ளையாக, கல்லாக இருந்தது. நான் மூன்று இடத்தில் கோடாரியால் தட்டிப் பார்த்தேன், ஓவ்லா. மூன்று இடத்திலும் நல்ல சத்தம். பாதி ஆறு தாண்டியிருப்பேன். முன்சறுக்கு இரண்டும் மெதுவாகக் குனிந்தன. சுற்றிலும் தண்ணீர் ஏறியது. உடைந்த சத்தமே இல்லை, பனி அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது.

கம்பியை இழுத்தேன். டக்.

பத்து மீட்டர் பின்னால் வந்தேன். சறுக்குப்பெட்டி கோணலாகத் திரும்பியது, பரவாயில்லை, வந்தது. நான் நின்ற இடத்தில் ஒரு கருப்புக் குழி தெரிந்தது. வண்டியை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மேலே இரண்டு மைல் போய் வேறு இடத்தில் எல்லாரையும் கடத்தினேன்.

உட்கார்ந்திருந்தபோது நினைத்ததை எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் கிளம்பும் அன்று காலை நீ என்னிடம் வந்தாய். "மதினி, பின்கியர் நழுவுது. ரெண்டு நாள் குடுங்க, புஷ்ஷ மாத்திட்டுப் போலாம்" என்றாய். நான் சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஆத்துக்குள்ள பின்னால போறவனுக்கு முன்னால என்ன வேல? கிளம்பு" என்றேன். உன் அண்ணன் அப்போது மந்தையோடு இருந்தார். கேட்டவர்கள் நீயும் நானும்தான்.

நீ இறங்கினாய். இதே பனி, இதே மாதிரி இறங்கியிருக்கும். நீயும் கம்பியை இழுத்திருப்பாய். அது பிடிக்கவில்லை. என் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த தலைமான், வண்டியில் கட்டியிருந்த கயிற்றோடு உள்ளே போனது. நீ நனைந்து வந்து என் முன்னால் நின்றாய். அந்த மானுக்காக நான் அழுத அழுகையில் உன்னைப் பார்க்கவே இல்லை. இலையுதிர் காலத்தில் வேலியில் எல்லாரும் கூடியபோது உனக்குப் பனிக்கட்டி தெரியாது என்று சொன்னேன். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் மான்களை விற்றுவிட்டுப் போய்விட்டாய்.

நான்தான் உன்னை அந்த ஆற்றில் இறக்கினேன். எனக்கு அது அன்றே தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும்.

நீ அடித்த இரண்டு வரியை விளக்கில் பிடித்துப் படித்துவிட்டேன். "நானே வந்து மாட்டிக் கொடுக்கட்டுமா" என்று இருந்தது. என்ன மாதிரி ஆள் நீ.

ரிஸ்தின்


வடக்குத் துறை
மே 3

மதினிக்கு,

படித்தேன். மூன்று தடவை.

வண்டியை இறக்கியது என் கைதான். வேண்டாம் என்று நான் உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை. அதனால்தான் வேலியில் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அழுததையும் பார்த்திருந்தேன். அந்த மான் உங்கள் கையில் பாசி தின்னும், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு எழுதினீர்களே, அது போதும். வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பனி தட்டிப் பார்த்தது மூன்று இடத்தில் என்று எழுதியிருந்தீர்கள். நானும் மூன்று இடத்தில்தான் தட்டினேன்.

ஓவ்லா


கோடைக் கூடாரம், கன்று வேலி
ஜூலை 7

ஓவ்லாவுக்கு,

வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதினாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

நேற்று கன்றுகளுக்குக் குறி வெட்டினோம். எல்லாக் கூட்டமும் வந்திருந்தது. அன்று எப்படி நின்று உன்னைச் சொன்னேனோ, அதே மாதிரி வேலிக் கதவில் ஏறி நின்றேன். கத்தி கையில், சுருக்குக் கயிறு தோளில். ஆற்றில்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். "அகலாத்துல ஓவ்லா வண்டிய எறக்குனானே, அன்னைக்குக் காலையில அவன் எங்கிட்ட வந்தான். பின்கியர் நழுவுது, சரிபண்ணிட்டுப் போலாம்னு சொன்னான். வேணாம், கிளம்புன்னு சொன்னது நான். தப்பு எம்மேல. அவனுக்குப் பனிக்கட்டி தெரியும்."

கன்றுகள் கத்திக்கொண்டிருந்தன. பியேரா கிழவர் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"அது எங்களுக்குத் தெரியுமேம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எப்படித் தெரியும்?" என்றேன்.

"வண்டிய ஆத்துலேர்ந்து தூக்குனது நாங்கதானே. கியர்க் கம்பி பின்பக்கம் இழுத்தபடியேதான் கெடந்துச்சு. புஷ்ஷு ஆடுறதயும் பாத்தோம். இவ்வளவு தேஞ்ச வண்டிய அந்தப் பய தானா எடுத்துட்டுப் போக மாட்டான், யாரோ தொரத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவனத் தொரத்த உன்னைய விட்டா யாரு இருக்கா? நீயே சொல்லுவேன்னு இருந்தோம். கொஞ்சம் நாளாயிருச்சு, அவ்வளவுதான்."

ஓவ்லா, அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து வருடமாக என் கூடாரத்தில் காபி குடித்திருக்கிறார்கள், என் கறியைத் தின்றிருக்கிறார்கள், என்னை முன்னால் போகவும் விட்டிருக்கிறார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. நீயும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நான் ஒருத்திதான் பெரிய ரகசியத்தைச் சுமப்பதாக நினைத்து முதுகு வளைந்து நடந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

அப்புறம் நான் ஒரு கன்றைப் பிடித்தேன். பெட்டைக் கன்று, நெற்றியில் வெள்ளை. அதற்கு உன் குறியை வெட்டினேன், இனி அது உன்னுடையது. இடது காதில் இரண்டு வெட்டு, வலது காது நுனியில் பிளவு. ஐந்து வருடமாக யாரும் வெட்டாத குறி, என் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. மழுங்கிய கத்தியைத் தீட்டி எடுத்திருந்தேன், நீ அனுப்பிய சுரண்டியால் அது மறுபடி மழுங்காமல் பிழைத்தது, இல்லாவிட்டால் இதுவும் நடந்திருக்காது. பியேரா பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு தன் கன்று ஒன்றைப் பிடித்து இழுத்துவந்தார். அவரும் உன் குறியை வெட்டினார். அதைப் பார்த்து அவர் மகள், அப்புறம் அடுத்த கூட்டத்துக்காரர். எல்லாருக்கும் உன் குறி ஞாபகம் இருந்தது.

உன் வடக்குத் துறையிலிருந்து ஞாயிறன்று இந்தப் பக்கம் படகு வரும். உறைபனி அறையில் வைத்துப் பார்த்த அந்த இரண்டு புஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வா. எத்தனை கன்று என்று கேட்டு எழுதாதே. அது கேட்கக் கூடாத கேள்வி. நீயே வந்து பார்.

உன் மதினி
ரிஸ்தின்